ம்… அப்புறம்?

சத்தியமாகச் சொல்கிறேன், இது நடந்தது. கதை கட்டுகிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போகிறவன் நான். தொலைபேசியில் வங்கியைக் கூப்பிட்டால், 'தயவுசெய்து காத்திருக்கவும், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது' என்று ஓர் ஆண் குரல் உங்கள் உயிரை வாங்குமே, அந்தப் பாவி நான்தான். என்னைத் திட்டாத வாய் இந்த ஊரில் இல்லை. போகட்டும், இது என் கதை இல்லை.

லிஃப்டில் ஒரு பெண் குரல் கேட்டிருப்பீர்கள். 'கதவுகள் மூடுகின்றன' என்று, தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் போர்வை போர்த்திவிடுவது போல மெதுவாகச் சொல்லும். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி என்னோடு ஒரே ஸ்டுடியோவில் வேலை செய்கிறாள். நாங்கள் எல்லோரும் அவளை லிஃப்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். நடந்ததெல்லாம் அவளுக்கு. அவள் வாயாலேயே கேட்டேன். கொஞ்சம் என் கண்ணாலும் பார்த்தேன். பார்த்ததை மறக்க முடியவில்லை, அதனால்தான் சொல்கிறேன்.

லிஃப்ட் அக்காவின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். மகள் குரல் கொடுத்த லிஃப்டை அப்பா பழுது பார்ப்பார். வேலை முடிந்த பிறகும் கீழே இறங்காமல் சும்மா இரண்டு தடவை மேலேயும் கீழேயும் போய் வருவாராம். ஏனென்று கேட்டால், "என் பொண்ணு பேசறா, கேட்டுட்டு வரேன்" என்பார். அந்தக் குரலில் ஒரு மூச்சு கூடினாலும் குறைந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும். "பாப்பா, பழைய பில்டிங்ல உன் குரல் தேஞ்சு போச்சு. அந்தப் பதிவை மாத்தச் சொல்லு" என்று ஒருமுறை ஸ்டுடியோவுக்கே போன் போட்டார்.

லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டால் ஒலிக்கிற அறிவிப்பு ஒன்று உண்டு. 'பயப்பட வேண்டாம். உதவி வந்துகொண்டிருக்கிறது.' அதைப் பதிவு செய்த அன்று அவரே கிரீஸ் பட்ட சட்டையோடு வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றார். அக்கா அழகாகத்தான் சொன்னாள். அவருக்குத் திருப்தி இல்லை.

"அறிவிப்பு மாதிரி சொல்றியேம்மா. உள்ள மாட்டிக்கிட்டவனுக்கு அந்த நேரத்துல வேற நாதி கிடையாது. உன் குரல் மட்டும்தான். பக்கத்துல ஒரு ஆள் நிக்கிற மாதிரி சொல்லு."

பதினோரு தடவை சொல்ல வைத்தார். அந்தப் பதிவுதான் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்படி ஏணியும் கயிறுமாக ஏறி இறங்கிய மனுஷன் ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு போனது. இளைய மகன் வீட்டில், கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். அக்கா இருப்பது இன்னோர் ஊரில், ஓர் இரவுப் பயணம். தம்பிதான் யாரோ சொல்லி அந்த ஹெட்செட்டை வாங்கி வந்து அப்பா தலையில் மாட்டிவிட்டான்.

நீங்கள் அந்த மாதிரி உலகங்களைப் பார்த்திருப்பீர்கள். ஹெட்செட்டை மாட்டினால் ஒரு ஏரி, கரையோரமாக ஒரு பாதை, கடைகள், பெஞ்சுகள். நமக்கென்று ஒரு பொம்மை உருவம். நம் குரலில் பேசும், நாம் சொன்ன திசையில் நடக்கும். முதல் நாள் அந்தப் பாதையில் பத்தடி நடந்துவிட்டு அப்பா அழுதிருக்கிறார். "டேய், நடக்கறேன்டா!" அதன் பிறகு அதற்குப் பெயரே 'ஊர்' என்றாகிவிட்டது. சாயங்காலமானால் போதும், "ஊருக்குப் போயிட்டு வரேன், யாரும் தொந்தரவு பண்ணாதீங்க" என்று கதவைச் சாத்தச் சொல்லிவிடுவார்.

அந்த உலகத்தை நான் குறை சொல்லமாட்டேன். மாத்திரை கொடுக்காத தெம்பை அது கொடுத்தது. அங்கே அவருக்குச் சிநேகிதர்கள்கூடக் கிடைத்தார்கள். ஏரியில் எந்நேரமும் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஓர் அம்மாள் இருந்தாள். எந்தத் தேசமோ, எந்த வீடோ, யாருக்குத் தெரியும்? 'தூண்டில்காரம்மா' என்று பெயர் வைத்து மணிக்கணக்கில் அவளோடு அரட்டை அடிப்பார். ஆனாலும் அவருக்கு மகளோடு நடக்க வேண்டும். ஏழு மணிக்கு அக்காவும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பச்சைக் கோட்டுப் போட்ட பொம்மையாகப் போய் நிற்பாள். இருவரும் ஏரியைச் சுற்றி வருவார்கள்.

முதல் மாதம் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டாம் மாதம் பழகிப்போனது. மூன்றாம் மாதம்… நாம்தான் யாரென்று நமக்குத் தெரியுமே. அக்காவோ பகலெல்லாம் பேசிப் பேசித் தொண்டை வற்றி வீட்டுக்கு வருகிறவள். வந்ததும் அப்பா அதே நாற்பது வருஷத்துக் கதையை எடுப்பார். எந்தக் கட்டிடத்தில் எந்தக் கயிறு அறுந்தது, எந்த மேனேஜர் கூலி தராமல் இழுத்தடித்தான். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இவள் சொல்ல வேண்டியதும் அதிகமில்லை. 'ம்', 'அப்படியா', 'அப்புறம்?' அவ்வளவுதான்.

அவ்வளவுதானே என்று அவளுக்கும் தோன்றியது. அங்கேதான் புத்தி கெட்டது.

அந்த உலகத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஆள் இல்லாத நேரத்தில் வாடிக்கையாளர் பேசி நிறுத்தினால், முன்பே பதிவு செய்து வைத்த குரல் பதில் சொல்லும். 'கூடவே நட' என்று இன்னொரு வசதியும் இருந்தது. பொம்மை தானாகவே பக்கத்தில் வரும். வேறு யாராவது செய்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் சாயம் வெளுத்திருக்கும். இவளோ குரலை விற்றுப் பிழைக்கிறவள். ஒரு மதியம் ஸ்டுடியோவில் சும்மா இருந்த நேரத்தில் ஏழு விதமான 'ம்' பதிவு செய்தாள். ஆச்சரியமாக ஒன்று, தூக்கக் கலக்கமாக ஒன்று, அக்கறையாக ஒன்று. நான்கு 'அப்படியா'. ஐந்து 'அப்புறம்?' கடைசியாக ஒரு சின்னச் சிரிப்பு. அப்பாவின் நகைச்சுவைக்குச் சிரிக்காவிட்டால் கோபித்துக்கொள்வார் இல்லையா?

அன்று சாயங்காலம் அதை ஓடவிட்டு, ஹெட்செட்டின் சத்தத்தைக் குறைத்து சோபாவில் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்தாள். அவள் புருஷன்கூடக் கிண்டல் செய்தான். "அங்க உன் பொம்மை உங்கப்பாவோட வாக்கிங் போகுது, இங்க நீ என்னோட முறுக்கு தின்னுக்கிட்டு உக்காந்திருக்க. கெட்டிக்காரிதான்!"

அப்பா எதையும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. ஒரே ஒரு நாள், போனில் பேசும்போது சம்பந்தமில்லாமல் சொன்னார்: "உன் குரல் இப்பல்லாம் ரொம்ப நல்லாயிருக்கு பாப்பா. தேயாம பாத்துக்க."

ஒரு புதன்கிழமை. டிவியில் ஏதோ வேடிக்கை. அக்காவும் புருஷனும் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஹெட்செட் கையெட்டும் தூரத்தில் சோபாவில் கிடந்தது. எட்டரை மணிக்குத் தம்பி போன் செய்தான்.

"அக்கா… அப்பா போயிட்டாருக்கா."

அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினாள். கூடத்தில் உறவெல்லாம் கூடியிருந்தது. தம்பி இவளைக் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். அவனுக்கு அப்படியே அப்பாவின் குரல்.

"கடைசி வரைக்கும் அக்காகூடத்தான் பேசிக்கிட்டிருந்தார். காது மந்தம்னு சத்தத்தை முழுசா வெச்சிருப்பாருல்ல, எனக்கு வெளிய கேட்டுச்சு. அவருக்கு மூச்சு வாங்கற மாதிரி இருந்துச்சு. எட்டிப் பாக்கலாம்னு கதவு வரைக்கும் போயிட்டேன். அப்பதான் அக்காவோட சிரிப்பு கேட்டுச்சு. அவ சிரிக்கறான்னா ஒண்ணும் இல்ல, ஏதோ ஜோக் சொல்லிக்கிட்டிருக்காருன்னு திரும்பி வந்து உக்காந்துட்டேன். நல்ல சாவு. மக சிரிப்பைக் கேட்டுக்கிட்டே போயிட்டார்."

அத்தை ஒருத்தி இவள் கன்னத்தைத் தடவினாள். "புண்ணியவதிடி நீ."

அக்காவுக்கு மட்டும்தான் உண்மை தெரியும். கதவு வரைக்கும் போனவன். கதவைத் திறக்க வந்தவன். அவனைத் திருப்பி அனுப்பியது ஸ்டுடியோவில் ஒரு வெட்டி மதியத்தில் அவள் பதிவு செய்த சிரிப்பு. இதை எப்படிச் சொல்வாள்? தம்பியிடம் சொன்னால் அவனும் செத்தான். சொல்லாவிட்டால் இவள் செத்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். எல்லோரும் துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

தன் வீட்டுக்குத் திரும்பியதும் ஹெட்செட்டை ஒரு பழைய துணியில் சுற்றி அலமாரியின் மேல் தட்டில் போட்டாள். அந்தச் சிரிப்பை அழிக்க வேண்டுமென்றால் மறுபடி உள்ளே போக வேண்டும். அதற்குத் தைரியம் இல்லை.

முதலில் சின்னதாகத்தான் தொடங்கியது.

அவள் குடியிருக்கிற கட்டிடத்தின் லிஃப்டிலும் அவள் குரல்தான். ஒருநாள் காலையில் வேலைக்குக் கிளம்பி லிஃப்டில் ஏறினாள். தனியாகத்தான் இருந்தாள். 'கதவுகள் மூடுகின்றன' என்றது அவள் குரல்.

"ம்."

பக்கத்து வீட்டுக்காரர் யாராவது கனைத்திருப்பார், சுவரைத் தாண்டிக் கேட்டிருக்கும் என்று விட்டுவிட்டாள். இரண்டு நாள் கழித்து மின்சார ஆபீசுக்குப் போன் செய்தாள். அங்கேயும் அவள் குரல். 'புகார் தெரிவிக்க, இரண்டை அழுத்தவும்.' அதற்குப் பின்னால், ரொம்ப மெலிதாக…

"அப்படியா…"

போனைக் கீழே போட்டுவிட்டாள். வயதான குரல். கொஞ்சம் கரகரப்பு. அவளுக்குத் தெரிந்த குரல். அவள் பேசி வைத்த இடமெல்லாம் யாரோ உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது தடவை நானும் இருந்தேன். ஸ்டுடியோவில் அவள் பதிவு அறைக்குள், நான் வெளியே என் முறைக்காகக் காத்துக்கொண்டிருக்கிறேன். பட்டன் அண்ணன் மெஷின் முன்னால். எங்கள் ஒலிப்பதிவாளர் அவர். அந்த அறைக்குள் வெளிச்சத்தம் ஊசிமுனை அளவுகூட நுழையாது, கதவை மூடினால் அவரவர் இதயத்துடிப்பு அவரவருக்குக் கேட்கும். ஏதோ ஒரு மருத்துவமனைக்கான வாசகம்.

"நேரம் முன்பதிவு செய்ய, ஒன்றை அழுத்தவும்."

அக்கா நிறுத்தினாள். கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தாள்.

"யாருண்ணே அது, நடுவுல 'ம்' போடறது? விளையாடாதீங்க."

"நான் வாயே தொறக்கலியேம்மா" என்றார் அண்ணன்.

மறுபடி எடுத்தார்கள். இந்தத் தடவை நான் திரையைப் பார்த்தேன். பேச்சு மேடும் பள்ளமுமாகப் போகும், நிறுத்துகிற இடத்தில் கோடு நேராகிவிடும். நேராக வேண்டிய இடத்தில் ஒரு சின்ன மேடு இருந்தது. அண்ணன் அதை வெட்டினார். திரும்ப ஓட்டினார்.

மேடு அங்கேயே இருந்தது.

அண்ணன் சத்தத்தைக் கூட்டினார். ஸ்பீக்கரில் இரைச்சல்… பிறகு ஒரு கிழவரின் குரல், பொறுமையாக, கதை கேட்கிறவரைப் போல:

"…அப்புறம்?"

அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். உள்ளே அக்கா ஹெட்போனைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் எங்களிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"தம்பிகிட்ட சொல்லிடும்மா" என்றார் அண்ணன். "உங்கப்பா அதுக்குத்தான் வராரோ என்னவோ."

"சொல்றேண்ணே" என்றாள். சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் போனை எடுப்பாள். தம்பி, "சொல்லுக்கா" என்பான். "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள்.

அதற்கு அடுத்த வாரம், நல்ல மதிய வெயில். காய்கறிப் பையோடு லிஃப்டில் ஏறினாள். கதவு மூடியது. மூன்றாவது மாடியைத் தாண்டியது.

ஓர் உலுக்கல்.

நின்றுவிட்டது.

விளக்கு ஒருமுறை மங்கி மறுபடி எரிந்தது. அலாரத்தை அழுத்தினாள். செல்போனைப் பார்த்தாள், சிக்னல் இல்லை. உள்ளே காற்று கனமாக இருந்தது. அப்போது தலைக்கு மேலே அவள் குரல், பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய குரல், பேச ஆரம்பித்தது.

'பயப்பட வேண்டாம். உதவி வந்துகொண்டிருக்கிறது.'

"ம்…"

பக்கத்தில். காதுக்குப் பக்கத்தில்.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. லிஃப்டின் உள்பக்கம் கண்ணாடி பதித்திருந்தது. அதையும் பார்க்கவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"அப்பா?"

"அப்படியா…"

"அப்பா, என்னை மன்னிச்சிடுங்கப்பா. அது நான் இல்லப்பா. பதிவு பண்ணி வெச்சிருந்தேன். சோபாவுலதான் இருந்தேன், பக்கத்துலயேதான் இருந்தேன்…"

"அப்புறம்?"

"தம்பி வந்தான்ப்பா. கதவு வரைக்கும் வந்தான். நான் சிரிச்சதால போயிட்டான்…"

"ம்."

"ஏதாவது பேசுங்கப்பா. திட்டுங்க. இப்படி 'ம்' போடாதீங்க…"

"அப்படியா…"

அது அவளுடைய 'அப்படியா'. அதே இழுப்பு. அதே இடத்தில் நிறுத்தம். நான்கில் மூன்றாவதாக அவள் பதிவு செய்தது. குரல் மட்டும் அப்பாவுடையது.



"அப்பா… மூச்சு முட்டுதுப்பா…"



பிறகு ஒரு சிரிப்பு.

சின்னச் சிரிப்பு… அவள் சிரித்த மாதிரியே.

லிஃப்ட் நகர்ந்தது.

கதவு திறந்தபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள், சுற்றிலும் தக்காளி உருண்டு கிடந்தது. வாட்ச்மேன் கைத்தாங்கலாகத் தூக்கினார். "ரெண்டு நிமிஷம்தானேம்மா நின்னுச்சு, அதுக்குள்ள இப்படியா பயப்படறது?" என்றார். அவள் லிஃப்டின் மேல் பக்கத்தைக் காட்டினாள். ஸ்பீக்கர் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. இரண்டு ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது.

"அதுவா? நேத்தே கழட்டி ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்களே" என்றார்.

அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தாள். என்ன வந்தாலும் சரி, அந்தச் சிரிப்பை அழித்துவிட வேண்டும். மறுநாள் சாயங்காலம் அலமாரியிலிருந்து ஹெட்செட்டை எடுத்துத் தூசி தட்டி மாட்டினாள். தன் பெயரையும் கடவுச்சொல்லையும் சொன்னாள். கண் முன்னால் எழுத்து வந்தது.

'இவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்.'

தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று மறுபடி முயன்றாள். மறுபடியும் அதே வாசகம். இரண்டு மாதமாக அவள் உள்ளே போகவே இல்லை. விருந்தாளி வாசல் வழியாக நுழைந்தாள். பெயர் வேண்டாம், முகம் வேண்டாம், சாம்பல் நிறத்தில் ஓர் உருவம் கொடுப்பார்கள். குரல் மட்டும் அவரவருடையது.

ஏரி அப்படியே இருந்தது. தூண்டில்காரம்மா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பேச்சுக் கொடுக்கிற சாக்கில் அக்கா கேட்டாள்: "இங்க ஒரு பெரியவர் வருவாரே, லிஃப்ட் மெக்கானிக்…"

"அவரைத் தெரியாம என்ன? தங்கமான மனுஷன். பொண்ணுன்னா உசிரு" என்றாள் அவள். "அந்தப் பொண்ணு பாருங்க, ரெக்கார்டிங்கை ஓடவிட்டுட்டுப் போயிடுமாம். முதல் நாளே கண்டுபிடிச்சிட்டார். என்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். 'எவ்வளவு சுத்தமா பதிவு பண்ணியிருக்கா பாத்தீங்களா, ஏழு ம் இருக்கு, ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல'ன்னு பெருமை வேற. 'கேட்டா சங்கடப்படுவா, நீங்களும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க'ன்னார்."

 அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் ஒரு பதிவுக்குத் தினமும் கதை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஒரு நாள் மட்டும் என்னமோ மாதிரி இருந்தார்" என்றாள் தூண்டில்காரம்மா. "அந்தப் பொம்மை கையைப் பிடிச்சுக்கிட்டு, 'பாப்பா, இன்னிக்கு மட்டும் நிஜமா வந்துடேன்'னார். அது சிரிச்சுது. நான்கூட அப்பாவும் பொண்ணும் ஏதோ விளையாடறாங்கன்னு நினைச்சேன்."

"அதுக்கப்புறம்… அவர் வரலையா?"

"வராம என்ன? தினமும் வராங்க, ரெண்டு பேரும். இப்பல்லாம் அந்தப் பொண்ணுதான் நிறுத்தாம பேசுது. பெரியவர் 'ம்', 'அப்புறம்'னு சொல்றதோட சரி. நேத்து மத்தியானம் பாவம், ஒரே அழுகை. மூச்சு முட்டுதுன்னு என்னமோ சொல்லிச்சு. அதோ பாருங்க, அந்த பெஞ்சுலதான் உக்காந்திருக்காங்க."

அக்கா திரும்பினாள்.

பெஞ்சில் இரண்டு முதுகு.

ஒன்று அப்பா.

இன்னொன்று பச்சைக் கோட்டு.

அவள் குரல் தண்ணீரைத் தாண்டிக் கேட்டது. "…பக்கத்துலயேதான் இருந்தேன்ப்பா… தம்பி கதவு வரைக்கும் வந்தான்ப்பா…"

பச்சைக் கோட்டு மெதுவாகத் திரும்பத் தொடங்கியது…

ஹெட்செட்டைப் பிய்த்து எறிந்தாள்.

அதன் பிறகு இனி தாங்காது என்று ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பிக்குப் போன் செய்தாள். மணி அடித்தது, எடுத்தான். அவன் 'சொல்லுக்கா' என்று சொல்வதற்குள் இவளே ஆரம்பித்துவிட்டாள். நிறுத்தினால் மறுபடி வாய் வராது என்று பயம்.

"தம்பி, குறுக்க பேசாம கேளு. அன்னிக்கு நீ கேட்டது என் சிரிப்பு இல்லடா…"

எல்லாவற்றையும் சொன்னாள். ஏழு 'ம்', சோபா, டிவி, கதவு, ஒன்று விடவில்லை. அரை மணி நேரம் ஆனது. அவன் குறுக்கே பேசவே இல்லை. நடுநடுவே "ம்" என்றான், அவ்வளவுதான். அழுகிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கடைசியில், "என்னை மன்னிப்பியாடா?" என்று கேட்டாள். பெருமூச்சு ஒன்று கேட்டது. போன் வைக்கப்பட்டது.

கோபமாக இருக்கட்டும், பரவாயில்லை. சொல்லியாகிவிட்டது. இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டதாக என்னிடம் சொன்னாள்.

சாயங்காலம் தம்பி கூப்பிட்டான். குரலில் கோபம் இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தான்.

"அக்கா, மத்தியானம் கூப்பிட்டிருந்தியா? நாங்க எல்லாரும் காலையிலயே கிளம்பி மாமனார் வீட்டுக்குப் போயிட்டோம். போனை மறந்து வெச்சிட்டேன். வந்து தேடினா அப்பா ரூம்ல, அவர் கட்டில்ல கிடக்குது. எப்படி அங்க போச்சுன்னே தெரியல. ரூம் பூட்டித்தான் இருந்துச்சு. உன்கிட்ட அரை மணி நேரம் பேசினதா வேற காட்டுது. யார்கிட்டக்கா பேசின?"

அக்கா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"அக்கா? இருக்கியா?"

சொல்ல வேண்டும். முதலிலிருந்து மறுபடியும் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தாள். அவளுக்கு வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"ம்…"

"சரி விடு, போன்ல ஏதோ கோளாறு போல. வரும்போது என் மாமனார்கூட உன்னைப் பத்திதான் சொல்லிக்கிட்டிருந்தார். கடைசி நேரத்துல பக்கத்துல இருந்து சிரிச்சுப் பேசி அனுப்பி வெச்சியே, எந்தப் பொண்ணு செய்வான்னு…"

"ம்."

தம்பி, எப்போதும் போனில் கேட்கிற மாதிரிதான், சாதாரணமாகத்தான் கேட்டான், அப்பாவின் குரலில்:

"அப்புறம்?"